இரண்டரை லட்சம் என்ற கோடு

கேட்டவர் ஒரு குடும்பத் தலைவி. கணவருக்குத் தனியார் கம்பெனியில் வேலை, மாதம் 22,000 சம்பளம், பே ஸ்லிப் உண்டு, பி.எஃப். பிடித்தம் உண்டு. ஆண்டுக்கு 2,64,000 ஆகிறது. கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு எழுதிப் போட்டார், தள்ளுபடி ஆகிவிட்டது. எதிர்வீடு இரண்டு மாடி, கீழே மளிகைக் கடை. அந்த வீட்டு அம்மாவுக்கு மாதா மாதம் 1,000 ரூபாய் வந்துகொண்டிருக்கிறது. "வருமான வரம்பு என்று ஒன்று வைப்பதே நியாயமா? வைத்தாலும் இப்படியா வைப்பது?" என்கிறார்.

நான் வி.ஏ.ஓ.வாக இருந்து ஓய்வு பெற்றவன். வருமானச் சான்றுக்குப் பரிந்துரை எழுதி எழுதியே காலம் போனது. அதனால் இந்தக் கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்ல வராது.

முதலில் எதிர்வீட்டு அம்மாவை விட்டுவிடுங்கள். அவர் பொய் சொல்லி வாங்குகிறார் என்று நினைக்க வேண்டாம். திட்டத்தின் விதிகளை வரிசையாகப் பாருங்கள்: குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள், நன்செய் ஐந்து ஏக்கருக்குள் அல்லது புன்செய் பத்து ஏக்கருக்குள், வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள். அரசு ஊழியர், ஓய்வூதியர், வருமான வரி கட்டுபவர், சொந்தப் பயன்பாட்டுக்குக் கார், ஜீப், டிராக்டர் வைத்திருப்பவர், ஆண்டுக்கு 50 லட்சத்துக்கு மேல் விற்பனை செய்து ஜி.எஸ்.டி. கட்டுகிற வியாபாரி ஆகியோர் வீட்டுக்குக் கிடையாது. இதில் மாடி வீடு எங்கே வருகிறது? வரவே இல்லை. மளிகைக் கடைக்காரர் 50 லட்சம் விற்பனையைத் தொடவில்லை, கார் இல்லை என்றால் மிச்சம் இருப்பது 2.5 லட்சம் என்ற ஒரு விதி. அவருடைய வருமானம் எவ்வளவு என்று அவருக்கே சரியாகத் தெரியாது. கடையில் எடுத்த பருப்பு வீட்டுக் குழம்புக்குப் போகும், கல்லாவில் எடுத்த காசு பள்ளிக் கட்டணத்துக்குப் போகும். யாராவது கேட்டால் "என்னத்த மிஞ்சுது" என்பார். அது முழுப் பொய்யும் இல்லை.

உங்கள் கணவருக்கோ மாதம் பிறந்தால் கம்பெனியே ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்துவிடுகிறது. என்னைக் கேட்டால் இந்த வழக்கின் மொத்த விஷயமும் இவ்வளவுதான். எந்தக் குடும்பம் எவ்வளவு சம்பாதிக்கிறது என்று அரசுக்குத் தெரியாது. யாருடைய சம்பாத்தியம் தாளில் ஏறியிருக்கிறது என்பது தெரியும். வரம்பு போய் விழுவது அந்தத் தாளின் தலையில்.

வருமானம் "தெரியாது" என்று நான் சொல்வது எப்படி என்று ஒரு நாள் கதையால் காட்டுகிறேன். பூ கட்டி விற்கும் ஒரு அம்மா, மகளுக்கு வருமானச் சான்று வேண்டும் என்று வந்திருந்தார். படிவத்தில் ஆண்டு வருமானம் என்ற இடம் காலி. "எவ்வளவும்மா போடட்டும்?" என்றேன். "சார், ஆடி மாசத்துக்குக் கேக்குறீங்களா, தை மாசத்துக்குக் கேக்குறீங்களா?" என்றார். உட்கார வைத்துக் கணக்குப் போட்டோம். விடியற்காலையில் மார்க்கெட்டில் உதிரிப் பூ 1,500 ரூபாய்க்கு. முகூர்த்த நாள் என்றால் மாலைக்குள் 2,400 ஆகிவிடும். சாதாரண நாளில் 1,900 ஆனாலே பெரிது. தண்டல்காரருக்கு நூறு, ஆட்டோவுக்கும் நாருக்கும் அறுபது. மழை பெய்தால் பூ கூடையிலேயே வாடும். கட்டிக் கொடுக்கிற மாமியாருக்குக் கூலி கிடையாது, சாப்பாடுதான். அரை மணி நேரம் ஆயிற்று. முடிவில் நான் எழுதியது 72,000.

ஏன் 72,000? முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்கு அப்போது வரம்பு 72,000. அதனால் ஊரில் டீக்கடைக்காரர், கொத்தனார், பூக்காரி, இஸ்திரி போடுபவர் எல்லோருக்கும் வருமானம் ஒன்றுபோல் 72,000. பிறகு அந்த வரம்பை 1,20,000 ஆக்கினார்கள். ஊரே ஒரே இரவில் முன்னேறிவிட்டது! இது ஊழல் இல்லை. காசு வாங்கிக்கொண்டு குறைத்து எழுதியவர்கள் உண்டு, அது வேறு கதை. நேர்மையாக எழுதினாலும், கணக்கே இல்லாத ஒரு வாழ்க்கைக்கு ஒரு எண் கொடுக்கச் சொன்னால், கையிலிருக்கிற எண் வரம்புதான்.

உரிமைத் தொகையில் இந்தக் கூத்து வேண்டாம் என்றுதான் வருமானச் சான்றோ நில ஆவணமோ இணைக்கத் தேவையில்லை என்று வைத்தார்கள். நல்ல முடிவு. லட்சக்கணக்கான பெண்களைத் தாலுகா ஆபீஸ் வாசலில் நிறுத்தாமல் காப்பாற்றியது. ஆனால் அதன் மறுபக்கம், சரிபார்ப்பு முழுவதும் ஏற்கெனவே கணினியில் இருக்கும் தகவலை நம்பி நடக்கும். வண்டிப் பதிவு, மின் இணைப்பு, வரி, சம்பளம். இவற்றில் எதிலாவது உங்கள் பெயர் இருந்தால் நீங்கள் தெரிவீர்கள்.

மின்சார விதியை எடுங்கள். 3,600 யூனிட் என்றால் இரண்டு மாதத்துக்கு 600. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரே மீட்டரில் மூன்று போர்ஷன் வைத்து, சப்-மீட்டர் போட்டு யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கிற வீட்டுக்காரர்கள் எத்தனை பேர்? ஒண்டுக் குடித்தனத்தில் இருப்பவள் படிவத்தில் வீட்டுக்காரரின் இணைப்பு எண்ணைத்தான் எழுத முடியும். மூன்று வீட்டு மின்விசிறியும் அவள் கணக்கில் சுற்றும்.

இனி அந்தக் கோடு. 2,49,000 சம்பாதிக்கும் வீட்டுக்கு ஆண்டுக்கு 12,000 கிடைக்கிறது, ஆக 2,61,000. 2,51,000 சம்பாதிக்கும் வீட்டுக்கு அதே 2,51,000. இரண்டாயிரம் அதிகம் சம்பாதித்த குற்றத்துக்குப் பத்தாயிரம் பின்னால் போய்விட்டார்கள். உங்கள் வீட்டையே பாருங்கள். கோட்டைத் தாண்டியது 14,000. இழந்தது 12,000. அந்த 14,000 போன வருடம் கணவருக்குக் கிடைத்த சம்பள உயர்வு என்று வைத்துக்கொண்டால், அதில் உங்கள் கையில் தங்கியது மாதம் இருநூறு ரூபாய்கூட இல்லை.

அந்த இரண்டரை லட்சம் எத்தனை பேருக்கு என்பது இன்னொரு கேள்வி. புருஷன், பெண்டாட்டி இரண்டே பேர் என்றால் தலைக்கு 1,25,000. மாமனார், மாமியார், மூன்று பிள்ளைகள் சேர்ந்து ஏழு பேர் என்றால் தலைக்கு 35,714, மாதம் மூவாயிரம் தேறாது. இரண்டுக்கும் ஒரே கோடு. சென்னையில் எட்டாயிரம் வாடகை கொடுப்பவருக்கும், ஊரில் அப்பா கட்டிய வீட்டில் இருப்பவருக்கும் அதே கோடு. குடும்பம் என்றால் ரேஷன் கார்டு என்பது திட்டத்தின் கணக்கு. ஒரு கார்டுக்கு ஒரு பெண். அண்ணன் தம்பி ஒரே கார்டில் இருந்தால் இருவர் சம்பளமும் சேர்ந்து கோட்டைத் தாண்டும், இரண்டு மருமகள்களில் ஒருத்திக்கும் கிடைக்காது. கார்டைப் பிரித்துக்கொண்டால் இருவருக்குமே கிடைக்கும். சோறு ஒரே பானையில்தான். அதனால்தான் கார்டு பிரிக்க இத்தனை அவசரம். கூட்டுக் குடும்பம் சிதைகிறது என்று மேடையில் வருத்தப்படுபவர்கள் இந்த விதியையும் ஒருமுறை படிக்கலாம்.

"குடும்பமா, தனிநபரா" என்ற இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் இல்லை. பிரிட்டனில் குழந்தைகளுக்கான உதவித் தொகை எல்லோருக்கும் போய்க்கொண்டிருந்தது. 2013 ஜனவரியில், பெற்றோரில் ஒருவர் 50,000 பவுண்டுக்கு மேல் சம்பாதித்தால் படிப்படியாக வரியாகத் திருப்பி எடுப்பது, 60,000 ஆனால் முழுவதும் எடுத்துவிடுவது என்று கொண்டுவந்தார்கள். அவர்கள் கணக்கில் எடுத்தது தனிநபர் வருமானத்தை. விளைவு: கணவன் 49,000, மனைவி 49,000, மொத்தம் 98,000 வரும் வீட்டுக்கு முழுத் தொகை. ஒருவர் மட்டும் 60,000 சம்பாதித்து மற்றவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வீட்டுக்கு ஒன்றுமில்லை. பதினோரு வருடம் திட்டு வாங்கிவிட்டு, 2024 ஏப்ரலில் தொடக்கத்தை 60,000 ஆகவும் முடிவை 80,000 ஆகவும் மாற்றினார்கள். தனிநபரா குடும்பமா என்ற கோளாறு அப்படியே இருக்கிறது. ஆனால் ஒரு விஷயத்தில் அவர்களைப் பார்த்துக் கற்கலாம். அவர்கள் வைத்தது சரிவு. நாம் வைத்திருப்பது பள்ளம்.

எனக்கு நெடுநாளாக உறுத்துகிற இடம் திட்டத்தின் பெயர். 2021 தேர்தல் வாக்குறுதியில் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 என்றிருந்தது. 2023 மார்ச் பட்ஜெட்டில் அது "தகுதிவாய்ந்த குடும்பத் தலைவிகள்" என்று ஆயிற்று. செப்டம்பர் 15ஆம் தேதி காஞ்சிபுரத்தில் தொடங்கியபோது பெயர் "மகளிர் உரிமைத் தொகை". கொடுப்பதற்குச் சொன்ன காரணம், வீட்டில் பெண் செய்கிற ஊதியமில்லாத உழைப்புக்கு அங்கீகாரம் என்பது. காரணம் அதுவானால் கணவர் சம்பளம் எதற்கு? 22,000 வாங்குபவர் வீட்டில் விடியற்காலை நாலரைக்கு எழுந்து தண்ணீர் பிடிப்பவளும், 18,000 வாங்குபவர் வீட்டில் எழுபவளும் செய்வது ஒரே வேலை. ஏழைக் குடும்பத்துக்கு உதவி என்றால் வருமான வரம்பு பொருந்தும், ஆனால் உரிமை என்ற சொல் பொருந்தாது. உழைப்புக்கு அங்கீகாரம் என்றால் உரிமை பொருந்தும், வரம்பு பொருந்தாது. இரண்டு சட்டையை ஒரே ஆளுக்குப் போட்டுவிட்டார்கள். "தகுதி இல்லை" என்று குறுஞ்செய்தி வந்தபோது பல பெண்களுக்குப் பணத்தைவிட அந்தச் சொல்தான் சுட்டது. நீங்களும் அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள்.

தமிழ்நாட்டு அரசியல்வாதிகளுக்கு வருமான வரம்பு என்றாலே ஒரு நடுக்கம் உண்டு, காரணம் இருக்கிறது. 1979இல் எம்.ஜி.ஆர். பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீட்டுக்கு ஆண்டு வருமானம் 9,000 ரூபாய் என்று வரம்பு வைத்தார். 1980 மக்களவைத் தேர்தலில் 39 இடத்தில் அவர் கட்சிக்குக் கிடைத்தது இரண்டு. உத்தரவைத் திரும்பப் பெற்றதோடு நிற்காமல், 31 விழுக்காட்டை 50 ஆக உயர்த்தினார். இடஒதுக்கீடும் உதவித் தொகையும் ஒன்றல்ல, ஆனால் பாடம் பதிந்தது. பிறகு ஜெயலலிதா ஆட்சியில், வசதியானவர்கள் ரேஷன் கார்டில் "எச்" முத்திரை குத்தி அரிசியை நிறுத்தினார்கள். கௌரவ அட்டை என்று பெயர். கௌரவப்பட்டவர்கள் ஓட்டுச் சாவடியில் பதில் சொன்னார்கள். 2004 தேர்தல் தோல்விக்குப் பிறகு முத்திரை போயிற்று.

ரேஷனில் அதற்குப் பிறகு நடப்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். 1997இல் மத்திய அரசு வறுமைக் கோட்டுக்கு மேல், கீழ் என்று பிரித்தபோதும் தமிழ்நாடு எல்லோருக்கும் என்ற முறையை விடவில்லை, இடையில் வந்த அந்த "எச்" முத்திரைக் காலம் தவிர. யாருடைய வருமானத்தையும் கேட்காமல், "அரிசி வேண்டுமா, சர்க்கரை போதுமா, எதுவும் வேண்டாமா?" என்று கேட்டது. வேண்டாதவர் சர்க்கரை அட்டை வாங்கினார், பொருளில்லா அட்டை வாங்கினார். வரிசையில் நிற்க மனமில்லாதவன் தானாகவே விலகினான். அவமானம் இல்லை, விசாரணை இல்லை, மேல்முறையீடு இல்லை. மகளிர் இலவசப் பேருந்தும் அப்படித்தான். கண்டக்டர் யாரிடமும் வருமானச் சான்று கேட்பதில்லை. காரில் போகிறவள் டவுன் பஸ்ஸில் ஏறப் போவதில்லை. அரசுப் பள்ளிக் காலை உணவும் அதே.

ஆனால் ரொக்கத்தில் இந்தத் தந்திரம் பலிக்காது. ரொக்கத்தை வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. அரசின் பக்கமும் கேட்க வேண்டும். மாநிலத்தில் ஏறக்குறைய 2.2 கோடி ரேஷன் கார்டுகள். எல்லோருக்கும் ஆண்டுக்கு 12,000 என்றால் 26,000 கோடி தாண்டும். 2025-26க்கு இந்தத் திட்டத்துக்கு ஒதுக்கியது 13,807 கோடி. அதுவே லேசான தொகை இல்லை. மாவட்ட ஆட்சியர் வீட்டுக்கும் ஆயிரம் ரூபாய் கொடுக்க ஏழையின் ஆயிரத்தை ஐந்நூறாக்க வேண்டுமா என்று ஒருவர் கேட்டால் எனக்கு மறுப்பு இல்லை. வரம்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வைத்த விதத்தில்தான் எனக்குச் சண்டை.

முதல் சுற்றில் வந்த விண்ணப்பம் சுமார் 1.63 கோடி, தேர்வானது 1.06 கோடி. பிறகு மேல்முறையீட்டில் சில லட்சம் பேர் உள்ளே வந்தார்கள். 2025 டிசம்பரில் விதிகளைத் தளர்த்தி இன்னும் சுமார் 17 லட்சம் பேர். அரசு மானியத்தில் நான்கு சக்கர வண்டி வாங்கியவர் வீட்டுக்கும், விதவை ஓய்வூதியம் வாங்கும் தாய் இருக்கிற வீட்டின் மருமகளுக்கும் அப்போதுதான் கதவு திறந்தது. மானியம் கொடுத்து வண்டி வாங்க வைத்தது அரசு. வண்டி இருக்கிறது என்று தொகையை மறுத்ததும் அரசு. சரி செய்ய இரண்டு வருடம் ஆயிற்று.

பணக்காரர் ஒருவர் தப்பித் தவறி உள்ளே வந்துவிட்டால் பத்திரிகையில் செய்தி வருகிறது. ஏழை ஒருத்தி தவறாக வெளியே நின்றால் செய்தி வருவதில்லை, அவள் மட்டும் இ-சேவை மையத்துக்கு இரண்டு முறை நடந்துவிட்டு விட்டுவிடுகிறாள். கோடு போடுகிற அதிகாரிகள் முதல் தவறுக்குப் பயப்படுகிற அளவு இரண்டாவதற்குப் பயப்படுவதில்லை. நானும் பயப்பட்டதில்லை, உண்மையைச் சொல்ல வேண்டும். தணிக்கையில் என்னைக் கேட்பது "இவருக்கு ஏன் கொடுத்தாய்" என்று. "இவருக்கு ஏன் கொடுக்கவில்லை" என்று ஒரு தணிக்கையிலும் யாரும் கேட்டதில்லை.

கோடுகள் ஒன்றோடொன்று பேசுவதும் இல்லை. காப்பீட்டுக்கு 1.2 லட்சம். பட்டியலினத்தவர் மேற்படிப்பு உதவித் தொகைக்கு 2.5 லட்சம். பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர் என்று 2019இல் மத்திய அரசு கொண்டுவந்த இடஒதுக்கீட்டுக்கு 8 லட்சம். 2025 ஏப்ரலிலிருந்து புதிய முறையில் 12 லட்சம் வரை வருமான வரியே இல்லை. மூன்று லட்சம் வருமானக் குடும்பம் ஒன்று காப்பீட்டு ஆபீஸில் வசதியானது, டெல்லியில் நலிந்தது, வருமான வரித் துறைக்கு இருப்பதே தெரியாதது. எந்த எண்ணுக்கும் விலைவாசியோடு ஏற வேண்டும் என்ற விதி கிடையாது. இரண்டரை லட்சம் என்பது 2014இல் வருமான வரி விலக்கு வரம்பாக வந்த எண். அந்த வருடத்துக் காய்கறி விலையை நினைத்துக்கொள்ளுங்கள்.

வேறு மாதிரி செய்ய முடியுமா என்றால், பக்கத்திலேயே இருக்கிறது. கர்நாடகத்தின் கிருஹலட்சுமித் திட்டம், 2023 ஆகஸ்டில் தொடங்கியது, மாதம் 2,000. அதில் வருமான எண்ணே இல்லை. அந்தப் பெண்ணோ கணவரோ வருமான வரியோ ஜி.எஸ்.டி.யோ கட்டினால் கிடையாது, மற்றவர்களுக்கு உண்டு. அதிலும் ஓட்டை உண்டு, ஜி.எஸ்.டி. கட்டாத மளிகைக் கடைக்காரர் அங்கேயும் உள்ளேதான் இருப்பார். ஆனால் 22,000 பே ஸ்லிப்காரரும் அவரோடு உள்ளே இருப்பார். தெரியாத ஒன்றை அளப்பதாக நடிக்காத விதி அது. நான் எழுதுவதாக இருந்தால் வருமான எண்ணை எடுத்துவிட்டு வரி, அரசுச் சம்பளம், சொந்தக் கார் என்று மறைக்க முடியாத மூன்று நான்கை மட்டும் வைப்பேன். எண் வைத்தே தீர வேண்டும் என்றால் கோட்டுக்கு மேலே ஒரு படி வைப்பேன்: 2.5க்கும் 3.5க்கும் நடுவில் இருப்பவர்களுக்கு ஐந்நூறு. ஆறு பேருக்கு மேல் இருக்கும் கார்டுக்குத் தனிக் கணக்கு. இதெல்லாம் ஒரு அரசாணையில் முடிகிற வேலை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். தள்ளுபடிக்கு என்ன காரணம் காட்டியிருக்கிறது என்று முதலில் இ-சேவையில் பாருங்கள், வருமானம்தான் காரணம் என்று நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். வாடகை வீடு என்றால் மின் இணைப்பு எண் யாருடையது என்று பாருங்கள். மேல்முறையீட்டு அலுவலர் வருவாய்க் கோட்டாட்சியர். முதல் சுற்றில் முப்பது நாள் கெடு கொடுத்திருந்தார்கள், இப்போதைய கெடுவை மையத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு கணவரின் பே ஸ்லிப்பை எடுங்கள். 22,000 என்று அவர் சொல்வது வேலைக்குச் சேர்ந்தபோது கம்பெனி சொன்ன மொத்தச் செலவுக் கணக்கா, சம்பளமா? பல கம்பெனிகள் தங்கள் பங்கு பி.எஃப்.பையும் சேர்த்துத்தான் அந்த எண்ணைச் சொல்கின்றன. அடிப்படைச் சம்பளம் 13,000 என்றால் கம்பெனி பங்கு 12 விழுக்காடு, 1,560. அதைக் கழித்தால் 20,440. பன்னிரண்டால் பெருக்கினால் 2,45,280. இது உங்கள் வீட்டுக்கும் பொருந்தினால், அந்தப் பே ஸ்லிப்பின் மூன்று மாத நகலோடு மனுவைப் போடுங்கள். கணக்கைத் தனித் தாளில், பெரிய எழுத்தில் எழுதி மேலே வையுங்கள். பரிசீலிப்பவர் கூட்டிப் பார்க்க மாட்டார்.